கீறல் தட்டு

தெருவில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஏழு மணி. அவ்வளவுதான். “ஏழு மணி இப்பத்தான் முட்டை வாங்கிட்டுப் போச்சு” என்பார்கள், காலை ஒன்பதுக்கு. தெருவுக்குப் புதிதாக வந்தவன் தன் கைக்கடிகாரத்தை ஒரு தடவை தட்டிப் பார்த்துக்கொள்வான். இருபத்து நான்கு வருஷம் ஒரே நேரத்துக்கு ஒரே பெட்டிக்குள் தலையைக் காட்டிச் செய்தி வாசித்தால் மனுஷிக்குக் கடைசியில் கடிகாரத்தின் பெயர்தான் நிற்கும்.

குடியிருப்பு, அண்ணனின் விளக்குக் கடைக்கு மேல் மாடி. கடையில் பகலிலும் எல்லா விளக்கும் எரியும். இருட்டில் விளக்கு விற்கிறவன் சோம்பேறி, வெயிலில் விற்கிறவன்தான் வியாபாரி என்பது அண்ணனின் பெருமை. வாசலை ஒட்டித் தாழ்வாக ஒரு மரத் தட்டு உண்டு. லாரியில் வரும்போது கீறல் விழுந்த கண்ணாடிக் கூண்டு, நசுங்கிய பித்தளைக் காம்பு, ஒரு பக்கம் வண்ணம் உதிர்ந்த மேசை விளக்கு எல்லாம் அதில்தான் உட்காரும். ஒவ்வொரு கீறலையும் சுற்றி அண்ணன் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டு வைப்பார்.

“நாமளே வட்டம் போட்டுட்டா அவன் தேட மாட்டான். தேடாதவனுக்குச் சந்தேகம் வராது. சந்தேகம் வராதவன் சீக்கிரம் வீட்டுக்குப் போவான், விளக்கோட” என்பார். உண்மைதான். கூரையில் தொங்குகிற நல்ல விளக்குகளைவிட அந்தக் கீறல் தட்டுதான் முதலில் காலியாகும்.

அவளும் அந்தக் கல்லாவில் வளர்ந்தவள்தான். இருபத்து மூன்று வயதில் மேசை விளக்கு வாங்க வந்த ஒரு செய்தி ஆசிரியரிடம் அரை மணி நேரம் பேசி, அவர் கேட்ட விளக்கை விட்டுவிட்டு அவர் கேட்காத விளக்கை விற்றாள். மனுஷன் படி இறங்கும்போது திரும்பி நின்று, “உங்க குரல்ல தயக்கமே இல்லையேம்மா. செய்தி வாசிக்க வர்றீங்களா?” என்றார். போனாள். அப்போதெல்லாம் வாசிக்க வேண்டியதைக் காகிதச் சுருளில் அடித்து, கேமராவுக்கு மேலே ஒருவர் கையால் உருட்டுவார். அவருக்குத் தும்மல் வந்தால் நாட்டு நடப்பு இரண்டு வரி தாண்டிப் போய்விடும். அந்தக் காலத்தில் தொடங்கி மூன்று ஆட்சி, இரண்டு வெள்ளம், ஒரு முழுச் சூரிய கிரகணம் எல்லாவற்றையும் ஒரே நாற்காலியில் இருந்து சொல்லி முடித்துவிட்டாள். மேலே கோட்டு, கீழே ரப்பர் செருப்பு. ஊருக்குத் தெரிந்தது மேல் பாதி.

புருஷன் கிடைத்ததும் அந்த வேலையால்தான். செய்தி வாசிக்கிறவர்களுக்குக் காதில் ஒரு பேச்சுக் குழாய் செருகுவார்கள். மாடியில் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்திருக்கிற தயாரிப்பாளர் அதன் வழியாகத்தான் ‘முடி’, ‘இழு’, ‘விளம்பரம்’ என்று உத்தரவு போடுவார். பொதுக் குழாய் நிற்காமல் வழுக்கும். அவரவர் காதுக்கு அச்செடுத்துச் செய்துகொண்டால் நிற்கும். அச்செடுக்கிற கடையில் மூன்று வாரம் என்றார்கள். பக்கத்துத் தெருவில் பொய்ப்பல் செய்கிற ஒருவர், “வாய்க்குச் செய்றேன், காதுக்குச் செய்ய மாட்டேனா? நாளைக்கு வாங்க” என்றார். செய்தார். ஈறு நிறத்தில், பல் இல்லாத பொய்ப்பல் மாதிரி ஓர் அச்சு, வலது காதுக்கு. இருபது வருஷமாக அதே அச்சு, அதே பல்காரர்.

போன வருஷம் மழை தொடங்கியபோதுதான் அவளுக்கு முதலில் பட்டது. மாடித் தகரத்தில் மழை பாதிதான் பெய்தது. இடது பக்கம் மட்டும். வலது பக்கம் யாரோ வானத்துக்குத் துணி கட்டிவிட்ட மாதிரி இருந்தது. தூரத்து ஊரில் ஒரு டாக்டரிடம், முகத்தில் பாதியை மூடிக்கொண்டு போய்க் காட்டினாள். வலது காது நரம்பு தேய்ந்துகொண்டு வருகிறது, இடது காது பழுதில்லாமல் கல்லு மாதிரி இருக்கிறது என்றார். வீட்டில் சொல்லவில்லை. வேலையில் சொல்வதாவது!

ஏனென்றால் அவளுக்கு முன்னால் ஏழு மணியாக இருந்தவரை அவள் பார்த்திருக்கிறாள். அந்த அம்மாவுக்குக் கை லேசாக நடுங்கியது. தாள் ஆடுவது திரையில் தெரிந்தது. ஒரே மாதத்தில் காலை பதினோரு மணிக்குத் தொட்டிச் செடி நிகழ்ச்சிக்கு மாற்றினார்கள். மண்ணைக் கிளறும்போது நடுக்கம் தெரியாதாம். நிலையத்தில் அன்றிலிருந்து யாருக்காவது சின்னக் குறை தெரிந்தால் மற்றவர்கள் கேட்பார்கள்: “என்ன, தொட்டிக்குப் போறியா?” ஏழு மணி நாற்காலிக்குப் பக்கத்திலேயே இளசாக, கணீரென்று, இரண்டு காதோடும், பத்து மணிச் செய்தி வாசிக்கிற பெண், பத்து மணி, காத்திருந்தாள்.

இத்தனை மாதம் ஏழு மணி சமாளித்தது இரண்டாம் நம்பர் கேமராக்காரரால். அவருக்கும் அங்கே பெயர் அதுதான், ரெண்டாம் நம்பர். ஐம்பத்தேழு வயது, குதிகால் வலி, சட்டைப்பையில் எப்போதும் வறுத்த கடலை. தயாரிப்பாளர் பேசுவது கேமராக்காரர்களின் காதிலும் விழும். ஒருநாள் ‘முடி’ என்று மூன்று தடவை சொன்ன பிறகும் அவள் முடிக்காததை அவர் கவனித்திருக்கிறார். மறுநாள் செய்தியின் நடுவில், லென்சுக்கு ஒரு சாண் கீழே, ஒரு விரல் நின்றது. முடி. உள்ளங்கை தணிந்தால், மெதுவாக. மூடிய கை என்றால் விளம்பரம். ஆட்காட்டி விரல் காற்றில் வட்டம் போட்டால், போய்க்கொண்டே இரு.

அன்று செய்தி முடிந்து ஒயரைச் சுருட்டிக்கொண்டே, “இன்னிக்கு லைன் சரியா இருந்துச்சா மேடம்?” என்று மட்டும் கேட்டார்.

“இருந்துதுண்ணே” என்றாள்.

ஒப்பந்தம் அவ்வளவுதான். அதற்குப் பிறகு இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. எட்டு மாதம் அந்த விரல்களைப் பார்த்து வாசித்தாள். கேமராவையே பார்க்கிறாள், பார்வையில் என்ன ஒரு உறுதி என்று ஊர் மெச்சியது.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டிக்குத்தான் இந்த வருஷ மழைக்காலத்தில் கட்டை விழுந்தது. தானாகவே திரும்பி, தானாகவே ஏறி இறங்குகிற கேமரா மூன்று வந்து இறங்கியது. அடுத்த திங்கள்கிழமையிலிருந்து அரங்கத்துக்குள் கேமராக்காரர்கள் வேண்டாம். மூன்று பேருக்கும் கைகுலுக்கி, மேசைக் கடிகாரம் ஒன்று கொடுத்து அனுப்பிவிடுவதாக ஏற்பாடு.

அந்த வாரமே அவளுடைய வருஷாந்திர ஒப்பந்தப் பேச்சும் வந்தது. செய்தி இயக்குநருக்கு நிலையத்தில் ‘பார்க்கலாம்’ என்று பெயர். எதைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார். மேசையில் ஒரு மீன் தொட்டி வைத்திருந்தார். பதில் சொல்ல விருப்பமில்லாதபோது மீனைப் பார்ப்பார்.

அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று, ரெண்டாம் நம்பர். ஆனால் வேண்டியதை முதலில் கேட்கிற குடும்பமா அது? மொத்தச் சந்தைக்குச் சரக்கெடுக்கப் போகும்போது அப்பா காலத்திலிருந்தே ஒரு முறை உண்டு. பிடித்த விளக்கைத் திரும்பியும் பார்க்கக் கூடாது. பிடிக்காத மூன்றைப் புரட்டிப் பார்த்து, குறை சொல்லி, பேரம் பேசி, கிளம்புகிற போக்கில், ‘சரி, அந்தத் தூசி பிடிச்சதையும் தூக்கிப் போடு’ என்று சொல்ல வேண்டும். அவள் அப்படியே செய்தாள்.

“அந்த நாற்காலி முதுகைக் கொல்லுது சார். புதுசு வேணும்.”

“பார்க்கலாம்.”

“மேக்கப் ரூம்ல கண்ணாடி பாதி ரசம் போயிடுச்சு. எந்தப் பக்கம் பவுடர் போட்டேன்னே தெரியல.”

“பார்க்கலாம்.”

“ஞாயித்துக்கிழமை என்னால முடியாது.”

“அதுவும் பார்க்கலாம்.”

அவள் எழுந்து கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். கதவுவரை போய், ஏதோ ஞாபகம் வந்த மாதிரி நின்றாள். “அப்புறம் சார், அந்த ரெண்டாம் நம்பர் அண்ணன்… இத்தனை வருஷம் இருந்தவர். பாவம், ஒரு ஓரமா அரங்கத்துலயே இருந்துட்டுப் போகட்டுமே.”

பார்க்கலாம் மீனைப் பார்த்தார். பிறகு முகமெல்லாம் மலர்ந்து, “இந்தாங்க, நாற்காலி குடுத்துடறேன். கண்ணாடி குடுத்துடறேன். அடுத்த மாசத்துலேர்ந்து ஞாயிறு உங்களுக்கு லீவு. அந்த ஒண்ணு மட்டும் கேக்காதீங்க. திருப்திதானே?” என்றார். ஆயுளில் முதல் தடவையாக அவர் ஒரே மூச்சில் மூன்று விஷயத்துக்குச் சம்மதித்தது அன்றுதான்.

மறுநாள் நாலு மணிக்குச் சாப்பாட்டு மேசையில் இதைச் சொன்னாள். ஏழு மணிக்குப் பேச வேண்டியவள் நாலு மணிக்கே சாப்பிட்டுவிட வேண்டும். ஆறு மணிக்குச் சாப்பிட்டால் ஏப்பம் நேரலையில் போகும். சோறு, கீரை, உடைத்து ஊற்றிய முட்டை. வெளியே மழை. கடையில் ஈரக் குடையோடு வந்தவர்களெல்லாம் வாங்குகிற எண்ணமில்லாமல் விளக்கு வெளிச்சத்தில் காய்ந்துகொண்டிருந்ததால் அண்ணன் அலுத்துப்போய் மேலே ஏறி வந்திருந்தார்.

“நாலு கேட்டே. மூணு கிடைச்சுது. அப்புறம் எதுக்கு முகத்தைத் தூக்கி வெச்சிருக்கே?” என்றார்.

“எனக்கு வேண்டியது நாலாவது.”

“அதை எப்படிக் கேட்டே?”

“நம்ம வழக்கப்படிதான். போற போக்குல.”

அண்ணன் கையில் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தார். “அறிவு இருக்கா உனக்கு? அது வாங்கப் போறப்ப பேசுற பேச்சு. நீ அங்க வாங்கவா போனே? உன்னை விக்கப் போனவ. விக்கிற இடத்துல போயி வாங்குறவ மாதிரி பேசிட்டு வந்திருக்கே!”

“அவரு போற போக்குல கேட்டதைப் போற போக்குலயே விட்டுட்டாரு. அவரு மேல தப்பே இல்ல” என்றாள் அண்ணி, கீரையை அள்ளி வைத்தபடி.

“அந்தக் கேமராக்காரர் மேல அப்படி என்ன கரிசனம்?” என்றார் அண்ணன். “ஊர்ல ஏதாவது பேசப் போறாங்க.”

இதுவரை வாயைத் திறக்காமல் முட்டையைச் சரிபாதியாக வெட்டிக்கொண்டிருந்த பல்காரர் தலை நிமிராமல், “காதா?” என்றார்.

மழை அவளுக்கு இடது பக்கம் மட்டும் பெய்துகொண்டிருந்தது.

“என்ன காது?” என்றார் அண்ணன்.

“எட்டு மாசம் முன்னாடி இவ இந்த நாற்காலிக்கு மாறினா. இருபது வருஷம் அந்தப் பக்கம் உக்காந்தவ. சன்னல் காத்துன்னு சொன்னா. சன்னல் சாத்தியிருந்துச்சு” என்றார் பல்காரர். “அப்புறம் நான் வலது பக்கமா நின்னு ரெண்டு தடவை, கடையை எழுதி வெச்சுட்டு ஓடிப்போகப் போறேன்னு சொல்லிப் பாத்தேன். சரிங்கன்னா.”

அண்ணி சிரித்துவிட்டாள். சிரித்த பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள்.

“தெரிஞ்சா கேக்கறதுக்கென்ன?” என்றாள் அவள்.

“நீ சொல்லாததை நான் ஏன் கேக்கணும்? சொல்ற அன்னிக்குச் சொல்லுவேன்னு இருந்தேன்.” அவர் முட்டையின் ஒரு பாதியை அவள் தட்டில் வைத்தார். “இடது காதுக்கு ஒரு அச்சு எடுத்துடலாம். அஞ்சு நிமிஷம்.”

“அச்சு எடுத்தா மட்டும் போதுமா? இடது காதுல குழாயைச் செருகிட்டா பக்கத்துல உக்கார விருந்தாளி பேசறது எந்தக் காதுல விழும்? அவர் பேச்சையும் குழாய்லயே அனுப்பணும். அதுக்கு ஒலிக்காரர்கிட்ட சொல்லணும். அவர் தயாரிப்பாளர்கிட்ட, அவர் பார்க்கலாம்கிட்ட. நாளைக்கே தொட்டிச் செடி.”

“நம்ம வீட்டுலயே பத்துத் தொட்டி சும்மாதான் இருக்கு” என்றாள் அண்ணி.

“அண்ணி!”

“சரி, சரி. சாப்பிடு.”

திங்கள்கிழமை வந்தது. புது நாற்காலி வந்திருந்தது. முதுகுக்கு நன்றாகத்தான் இருந்தது. அரங்கத்தில் ஆளே இல்லை. மூன்று கேமராவும் கழுத்தை நீட்டி நீட்டித் தங்களுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தன. தரையில் ரெண்டாம் நம்பர் நின்ற இடத்தில் நாலைந்து கடலைத் தோல் கிடந்தது. கூட்டுகிறவர் இன்னும் வரவில்லை போல.

விருந்தாளி அணைக்கட்டுப் பொறியாளர். வாரம் முழுக்க மழை. மதகு திறப்பார்களா மாட்டார்களா என்று ஊரே கேட்டுக்கொண்டிருந்தது. இடது பக்கம் உட்கார்ந்து, அடி அடியாகத் தண்ணீர் மட்டத்தைச் சொன்னார். தலைப்புச் செய்தி போனது. பேட்டி பாதி தாண்டியது. ஒன்றும் கெடவில்லை. அவளுக்கே, வீணாகத்தான் பயந்தோமோ என்று தோன்ற ஆரம்பித்தது.

அப்போது வலது காதுக்குள் சத்தம் வந்தது. மூடிய பாட்டிலுக்குள் ஈ. ஏதோ உத்தரவு, அவசர உத்தரவு. இழு என்றா, முடி என்றா, விளம்பரமா, புதுச் செய்தியா? ஈ மறுபடி மறுபடி கண்ணாடியில் முட்டியது. பொறியாளர் பதிலை முடித்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார். அவள் பழக்கதோஷத்தில் இரண்டாம் கேமராவைப் பார்த்தாள். லென்சுக்கு ஒரு சாண் கீழே.

அங்கே ஒரு இரும்புத் தண்டு இருந்தது.

அவள் காத்திருந்தாள். ஒரு விநாடி, இரண்டு, மூன்று. விரல் வரும் என்று எட்டு மாதப் பழக்கம் சொன்னது. ஐந்து, ஆறு. இயந்திரம் மெல்ல அவள் முகத்துக்கு அருகில் வந்தது, அவளுக்கு என்ன ஆயிற்று என்று பார்க்கிற மாதிரி. ஒன்பதாவது விநாடியில் பொறியாளர் தயக்கத்தோடு, “மேடம், நான் இன்னும் பேசணுமா?” என்றார். அதுவும் நேரலையில் போனது. விளம்பரம் விழுந்தது.

மீதிச் செய்தியைத் தயாரிப்பாளர் கதவருகில் வந்து நின்று, கையை ஆட்டி ஆட்டி முடித்துவைத்தார். ஆற்றுப்பாலம் மூடப்பட்டது என்பதுதான் அந்த ஈ கொண்டுவந்த செய்தி. நாலு நிமிஷம் தாமதமாகச் சொன்னாள். அதற்குள் பாலம் வரைக்கும் போய்த் திரும்பியவர்கள் நிலையத்துக்குப் போன் போட்டுத் திட்ட ஆரம்பித்திருந்தார்கள்.

கோட்டைக் கழற்றிக்கொண்டு வெளியே வந்தபோது தாழ்வாரத்தில் பார்க்கலாமும் தயாரிப்பாளரும் நின்றிருந்தார்கள். எதிரே ஒலிக்காரர். தினமும் அவளுடைய குழாய் ஒயரை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, துணியில் சுற்றிக் கொடுக்கிற மனுஷர்.

“நாலு தடவை சொன்னேன் சார், நாலு தடவை” என்றார் தயாரிப்பாளர்.

“லைன் நல்லாத்தான் சார் இருக்கு. இப்பவும் பேசிப் பாத்தேன்” என்றார் ஒலிக்காரர்.

“நல்லா இருந்தா அவங்களுக்கு ஏன் எட்டல? இருபத்து நாலு வருஷத்துல ஒரு தப்புப் பண்ணினதுண்டா அவங்க? அவங்க தப்புன்னு சொல்ல வர்றியா?” என்றார் பார்க்கலாம்.

“அப்படிச் சொல்லல சார்.”

“அப்ப உன் தப்பு. நாளைலேர்ந்து வர வேண்டாம். எழுதிக் குடுத்துடறேன்.”

அவளைப் பார்த்ததும் பார்க்கலாம் குரலைத் தணித்தார். “நீங்க வீட்டுக்குப் போங்கம்மா. உங்களுக்கு ஒண்ணும் இல்ல. இவனை நான் பாத்துக்கறேன்.”

ஒலிக்காரர் அவளைப் பார்க்கவில்லை. ஒயரைச் சுருட்டினார். வழக்கம்போல் முடிச்சு விழாமல், எட்டுப் போட்ட மாதிரி.

அவள் மேக்கப் அறைக்குப் போனாள். புதுக் கண்ணாடி மாட்டியிருந்தார்கள். பஞ்சை எடுத்து முகத்தின் வலது பாதியைத் துடைத்தாள். இவ்வளவு சுலபமாக ஒரு பிழைப்பு தப்பும் என்று அவள் நினைக்கவே இல்லை. பேசாமல் வீட்டுக்குப் போகலாம். நல்ல விளக்கென்று ஊர் நம்புகிறது. பழுது ஒயரில்தான் என்று கடைக்காரரே சொல்கிறார். இன்றைக்கு ஒலிக்காரர். நாளைக்கு இன்னொரு ஒலிக்காரர் வருவார், ஈ வரும், அவரும் போவார். எத்தனை ஒயரை மாற்றுவார்கள்?

இடது பாதி பவுடரோடு அப்படியே எழுந்து மாடிக்குப் போனாள்.

பார்க்கலாம் மீனுக்கு இரை போட்டுக்கொண்டிருந்தார். அவள் உட்காரவில்லை.

“ஒயர்ல பழுது இல்ல சார். என் வலது காதுல இருக்கு. ஒரு வருஷமாச்சு. இடது காது நல்லா இருக்கு, டாக்டர் எழுதிக் குடுத்திருக்காரு, நாளைக்குக் கொண்டு வர்றேன். இத்தனை மாசமும் ரெண்டாம் நம்பர் அண்ணன் விரலைப் பாத்துத்தான் ஓட்டினேன். இன்னிக்கு விரல் இல்ல. அதான் நின்னுட்டேன்.”

பார்க்கலாம் கையிலிருந்த இரை மொத்தமும் தொட்டிக்குள் விழுந்தது.

“ஏம்மா சொல்லல?”

“சொன்னா தொட்டிச் செடி.”

அவர் மறுக்கவில்லை. மறுக்காததே அவளுக்கு ஒரு தெம்பாக இருந்தது. இந்தத் தடவை விற்க வந்தவளாகவே பேசினாள். “கீறல் இதுதான் சார், வட்டம் போட்டுக் காட்டிட்டேன். மிச்சமெல்லாம் நல்ல சரக்கு. இடது காதுக்கு அச்சு எடுத்துக்கறேன். விருந்தாளி பேச்சையும் அந்த லைன்லயே அனுப்பச் சொல்லுங்க; ஒலிக்காரருக்கு அது அரை மணி வேலை. அவரை அனுப்பாதீங்க. நாற்காலி, கண்ணாடி, ஞாயித்துக்கிழமை எல்லாம் திருப்பி எடுத்துக்குங்க. ரெண்டாம் நம்பரைக் குடுங்க.”

“ஒலிக்காரன் இருக்கட்டும். ரெண்டாம் நம்பர் ஆகாது. மேலிடத்துல கையெழுத்தாயிடுச்சு. அதுல என் கை கட்டியிருக்கு.”

“அப்ப ஏழு மணி?”

அவர் மீனைப் பார்த்தார். மீன்கள் தின்று மாளாமல் திணறிக்கொண்டிருந்தன. “இந்த வாரம் பத்து மணி உக்காரட்டும். அப்புறம்…”

“பார்க்கலாமா?”

“பார்க்கலாம்” என்றார், தன் பெயரைத் தானே சொல்கிற வெட்கம்கூட இல்லாமல்.

மறுநாள் மாலை அந்தத் தெரு முதல் தடவையாக ஏழு மணியை ஏழு மணிக்குப் பார்க்காமல் இருந்தது. அதற்கு மறுநாள் நாலு மணிக்கு, சாப்பாடு முடிந்த கையோடு, பல்காரர் மேசையைத் துடைத்துப் பசைமாவைக் குழைக்க உட்கார்ந்தார். மழை விட்டிருந்தது, தகரத்திலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. கீழே யாரோ அண்ணனிடம் பல்பு கேட்கிற குரல். பிறகு படியில் காலடி, ஒரு கால் அழுத்தி ஒரு கால் லேசாக. குதிகால் வலிக்காரர் நடை.

“வீட்டு வாசல் பல்பு போயிடுச்சு. வாங்க வந்தேன். அண்ணன் மேல போங்கன்னாரு” என்றார் ரெண்டாம் நம்பர். கையில் பல்பு, பையில் கடலை.

“உக்காருங்கண்ணே” என்றாள் அவள். “கேட்டேன் உங்களுக்காக. முதல் தடவை கேக்கத் தெரியாம கேட்டேன். ரெண்டாவது தடவை நல்லாத்தான் கேட்டேன். தரல.”

“விடுங்க மேடம். குதிகாலுக்கு இப்பத்தான் நிம்மதி.” அவர் இரண்டு கடலையை உரித்தார், தின்னவில்லை. “திங்கக்கிழமை வீட்டுல பாத்துக்கிட்டிருந்தேன். நீங்க பேச்சை நிறுத்திட்டு நேரா என்னைப் பாத்தீங்க. எனக்குத் தெரிஞ்சுபோச்சு, லைன் வரலன்னு. டி.வி. முன்னாடி எந்திரிச்சுப் போயி விரலைக் காட்டினேன். என்ன காட்டறதுன்னும் தெரியல, காதுல குழாய் இல்லையே. எல்லாத்தையும் மாத்தி மாத்திக் காட்டினேன். எங்க வீட்டம்மா பயந்துட்டா.”

யாரும் சிரிக்கவில்லை. அண்ணி மட்டும் எழுந்துபோய் அவருக்குத் தேநீர் கொண்டுவந்து வைத்தாள்.

“தலையைச் சாய்” என்றார் பல்காரர். நூல் கட்டிய பஞ்சை இடது காதுக்குள் மெல்லத் தள்ளினார். அதன் மேல் பசைமாவை அடைத்தார். குளிர்ந்து, கனத்து, காது நிறைந்தது. “அஞ்சு நிமிஷம். தாடையை ஆட்டாதே. பேசாதே. சிரிக்காதே” என்றார். கடைசி வார்த்தை பாதியில் நின்றுபோனது. அவ்வளவுதான். சொட்டுச் சத்தம் இல்லை, கடை இல்லை, தெரு இல்லை. இருந்த ஒரு வாசலையும் சாத்தியாகிவிட்டது. இடது காதும் ஒருநாள் இப்படிப் போனால் என்று ஒரு நினைப்பு வந்தது. அதை ஓரமாக வைத்தாள்.

அப்போது அண்ணன் படியேறி வந்தார், அவள் கீழே மறந்து வைத்த கைபேசியைக் காதில் வைத்துப் பேசிக்கொண்டே. மறுமுனையில் பார்க்கலாம் என்பதும், அண்ணன் என்ன பேசினார் என்பதும் பின்னால் அண்ணி சொல்லித்தான் அவளுக்குத் தெரியும்.

“பேச முடியாது சார், காதுல மாவு இருக்கு… ஆமா, அச்சுதான்… மாப்ள, எப்ப ரெடியாகும்னு கேக்குறாரு.”

“வெள்ளிக்கிழமை காலைல.”

“வெள்ளிக்கிழமை காலைல சார்… என்ன? வியாழனே கிடைக்குமாவா?” அண்ணன் கைபேசியைப் பொத்திக்கொண்டார். பல்லெல்லாம் தெரிந்தது. “எப்ப குடுப்பேன்னு கேட்டு, அதுக்கும் முன்னாடி குடுன்னு அவசரப்படுறான். வித்தாச்சு மாப்ள! பத்து மணிப் பொண்ணு நேத்து மதகைப் பத்தி ஒரு கேள்விகூடக் கேக்கத் தெரியாம முழிச்சுதாம். பொறியாளரே, அந்தம்மா எங்கன்னாராம்.” பிறகு கைபேசியை எடுத்து, மொத்தச் சந்தை வியாபாரியின் குரலில், “கொஞ்சம் கஷ்டந்தான் சார். பார்க்கலாம்” என்றார்.

அவளுக்கு இது எதுவும் எட்டவில்லை. அண்ணனின் வாய் அசைந்தது, பல் தெரிந்தது, அண்ணி கைகொட்டினாள், பல்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நல்லதா கெட்டதா? மீன்களைப் போல எல்லோரும் சத்தமில்லாமல் வாயைத் திறந்து மூடினார்கள். வழக்கம்போல் கண் தானாகவே தேடிக்கொண்டு போனது.

ரெண்டாம் நம்பர் சுவரோரம் நின்றிருந்தார், குதிகாலைத் தூக்கி வைத்தபடி. பல்பை இடது கைக்கு மாற்றிக்கொண்டார். வலது கையை நெஞ்சுக்கு ஒரு சாண் கீழே கொண்டுவந்து, ஆட்காட்டி விரலால் காற்றில் ஒரு வட்டம் போட்டார். பிறகு இன்னொன்று.

அவள் தலையாட்டப் போனாள். பல்காரர் தாடையைப் பிடித்துக்கொண்டார்.